பிழைப்புக்கன்றி மீட்டிய நரம்பு

ராத்திபு மஜ்லிஸ் நடைபெறும் இரவுகளில் நம் வீடுகளில் மணக்கும் ஊதுபத்தியை அறியாதார் இலர். ஊதுவதால் வந்த பெயர் என்று எண்ணுவாரும் உண்டு. ஊதினால் பத்தி அணையுமேயன்றி மணக்காது. அச்சொல்லின் முற்பாதி அரபு மொழியிலிருந்து வந்தது. ‘ஊத்’ என்றால் மரம், கழி, குச்சி. சிறப்பு வகையில் அகிற்கட்டை. இதே சொல்லால் அரபு மக்கள் தம் இசைக்கருவிகளுள் தலைமை பெற்ற ஒன்றையும் அழைத்தனர். தமிழ்ச் செவிக்கு அதுவும் வாயால் ஊதும் கருவி போலவே ஒலிக்கும். உண்மையில் அது மீட்டும் கருவி. பேரிக்காயை நெடுக்கில் பிளந்தாற்போன்ற வயிறும், குட்டையான கழுத்தும், பின்னோக்கி மடிந்த தலையும் கொண்ட நரம்புக் கருவி.

இக்கருவியைப் பற்றி எழுத நேருமென்று நாம் எண்ணியதில்லை. சென்ற ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் முதியவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். மகன் நம் பழைய மாணவர். மத்ரஸாவில் நான்காண்டுகள் ஓதியபின் குடும்பநிலை காரணமாக மஸ்கத் சென்று, பதினாறு ஆண்டுகள் ஒரு கடையில் கணக்கெழுதி, நாற்பத்திரண்டாம் வயதில் ஊர் திரும்பியிருந்தார். கொண்டுவந்த பெட்டிகளுள் ஒன்றில் ஊத் இருந்தது. இஷாவுக்குப் பின் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பழகுகிறார் என்பது முதியவரின் முறையீடு.

“ஹஜ்ரத், இவன் மகளுக்கே மாப்பிள்ளை பார்க்கிற காலம் வந்தாச்சு. இவன் என்னடான்னா ராத்திரியெல்லாம் டொய்ங் டொய்ங்குன்னு உக்காந்திருக்கான். நீங்களே கேளுங்க.”

நாமும் கேட்டோம். சிந்தித்துக் கேட்டோமில்லை, பெரியவர் முகத்தைப் பார்த்துக் கேட்டோம். “இந்த வயதில் விரல் வளையுமா தம்பி? வளைந்தாலும் கச்சேரி செய்யவா போகிறாய்? இதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஓதினவனுக்கு இது எதற்கு?” என்றோம்.

அவர் குனிந்த தலை நிமிராமல் விடை சொன்னார். “நீங்கதான் ஹஜ்ரத் ஃபாராபியைப் பத்திப் பாடம் எடுத்தீங்க. இசையிலே பெரிய கிதாபு ஒண்ணு எழுதியிருக்காங்கன்னு சொன்னீங்க. அந்தக் கிதாபை நீங்க பார்த்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. முப்பதாண்டுக் காலம் மாணவர்களுக்கு அப்பெயரை ஒப்புவித்திருக்கிறோம். நூலின் ஓர் ஏட்டையும் புரட்டியதில்லை. முதியவர் ஏதோ வெற்றி பெற்றவர் போல எழுந்து சென்றார். நாம் அன்றிரவு உறங்கவில்லை. அதற்குப்பின் ஓராண்டுக் காலம் கைக்குக் கிட்டிய நூல்களில் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறோம். ஃபத்வா வேண்டுவோர் முஃப்திகளை நாடுக. நாம் எழுதுவது வரலாறு.

முதலில் கருவியைப் பார்ப்போம். கி.பி. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த ‘இக்வானுஸ் ஸஃபா’ என்னும் அறிஞர் குழுவினர் தம் நிருபங்களுள் ஒன்றை இசைக்கென ஒதுக்கினர். அதில் ஊத் செய்யும் அளவுமுறை தச்சருக்குச் சொல்வதுபோல் தெளிவாகக் கூறப்படுகிறது. நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருத்தல் வேண்டும். ஆழம் அகலத்தில் பாதி. கழுத்து நீளத்தில் கால்பங்கு. நரம்புகள் நான்கு. அவை பட்டிழைகளால் முறுக்கப்படுவன. மிகத் தடித்த ‘பம்’ நரம்புக்கு 64 இழை, அடுத்த ‘மஸ்லஸ்’ நரம்புக்கு 48, ‘மஸ்னா’வுக்கு 36, மிக மெல்லிய ‘ஸீர்’ நரம்புக்கு 27. கணக்குப் பழகியோர் இவ்வெண்களை ஒருமுறை வகுத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் முன்னதில் முக்கால் பங்கு. நரம்புக்கு நரம்பு ஒலி எந்த விகிதத்தில் உயர்கிறதோ அதே விகிதத்தில் இழை குறைகிறது. நம் மாணவரின் ஊத் நைலானும் உலோகச் சுற்றும் கொண்ட பதினொரு நரம்புகள் உடையது. ஐந்து இரட்டை, ஒன்று ஒற்றை. ஆயினும் நடு நரம்புகளைச் சுருதி சேர்க்கும்போது அதே நான்குக்கு மூன்று என்னும் விகிதத்தையே அவரும் செவியால் தேடுகிறார்.

அந்நரம்புகளின்மேல் விரல் வைக்கும் இடங்களுக்கு முன்னோர் இட்ட பெயர்களைக் கண்டபோதுதான் நாம் முதன்முதலாக வியந்தோம். ஸ்வரங்களுக்குத் தனிப்பெயர் இல்லை. விரல்களின் பெயர்களே ஸ்வரங்களின் பெயர்கள். விரல் வைக்காத நரம்பின் ஒலி ‘முத்லக்’. சுட்டுவிரலின் ஒலி ‘ஸப்பாபா’. நடுவிரல் ‘வுஸ்தா’, மோதிரவிரல் ‘பின்ஸிர்’, சுண்டுவிரல் ‘கின்ஸிர்’. அத்தஹிய்யாத்தில் எவ்விரலை உயர்த்துவது என்று ஃபிக்ஹ் பாடத்தில் நாம் கற்பிக்கும் அதே ‘ஸப்பாபா’. மோதிரம் எவ்விரலில் அணிவது ஸுன்னத் என்று கற்பிக்கும் அதே ‘கின்ஸிர்’. இசையிலக்கணம் புறத்தே எங்கோ பிறந்து வந்தது என்று எண்ணியிருந்த நமக்கு, அது நம் பாடநூற் சொற்களாலேயே எழுதப்பட்டிருந்தது நாணத்தையும் தந்தது.

நடுவிரலுக்கு மட்டும் ஒரு வழக்கு உண்டு. அது சற்றுக் கீழே விழுந்தால் ஓர் ஒலி, சற்று மேலே விழுந்தால் வேறோர் ஒலி. ஹாரூன் ரஷீத் காலத்து ஊத் கலைஞர் மன்ஸூர் ஸல்ஸல் என்பார் இரண்டுக்கும் இடையே ஓரிடத்தை நிலைநாட்டினார். ‘ஸல்ஸலின் வுஸ்தா’ என்று பின்வந்த இலக்கண ஆசிரியர்கள் அனைவரும் அதை அவர் பெயராலேயே குறித்தனர். பியானோவிலும் கிதாரிலும் இல்லாத அந்த இடைநிலை ஒலி இன்றளவும் அரபு இசையின் உயிராக இருக்கிறது. இவர் பக்தாதில் ஒரு குளம் வெட்டி முஸ்லிம்களுக்கு வக்ஃபு செய்தார் என்பதும், ‘ஸல்ஸல் குளம்’ என்று நெடுங்காலம் அது வழங்கியதும் கூடுதற் செய்தி.

ஸல்ஸல் தொழில்முறைக் கலைஞர். நாம் தேடியது வேறு வகையினரை. பிழைப்பு ஒன்றாக இருக்க, விருப்பத்தால் நரம்பைத் தொட்டவர் எவர்?

முதலில் எதிர்ப்பட்டவர் அல்கிந்தி. ‘அரபுகளின் தத்துவஞானி’ என்று பெயர் பெற்றவர். ஏறத்தாழ 801 முதல் 873 வரை வாழ்ந்தவர். கணிதம், மருத்துவம், ஒளியியல், வானநூல் என்று அவர் தொடாத துறை அரிது. இசை பற்றியும் பல சிறுநூல்கள் எழுதினார். அவற்றுள் ஒன்றின் இறுதியில், ஊத் பழகத் தொடங்கும் மாணவனின் கைகளைப் பழக்குவதற்கென்று ஒரு பயிற்சிப் பாடம் இருக்கிறது. எந்த நரம்பில் எந்த விரல், வலக்கை எதை மீட்டவேண்டும் என்று படிப்படியாக அது செல்லும். நமக்குக் கிட்டியுள்ள ஊத் பாடங்களுள் மிகப் பழையது அதுவே எனலாம். நான்கு நரம்புகளையும் உடலின் நான்கு தாதுக்களோடும் நான்கு பருவங்களோடும் அவர் பொருத்திக் காட்டியதை இன்றைய மருத்துவம் ஏற்காது, அதை விட்டுவிடலாம். பயிற்சிப் பாடம் மட்டும் விடத்தக்கதன்று. அரபு நாட்டில் தத்துவத்துக்குக் கால்கோள் செய்த ஒருவர், தொடக்க மாணவனின் விறைத்த விரல்களை நினைந்து ஒரு பாடம் எழுதினார். அலிஃப், பே கற்பிக்கும் எளிய உஸ்தாதைப் போல அவ்விடத்தில் அவர் நம் முன் அமர்ந்திருக்கிறார்.

ஃபாராபியின் பெருநூலையும் பார்த்தோம். முழுவதும் விளங்கிற்று என்று சொல்லமாட்டோம். 950-ல் டமாஸ்கஸில் மறைந்த அவ்வறிஞர் ஊதை மட்டுமன்றி, பக்தாத் தன்பூர், குராஸான் தன்பூர், ரபாப் ஆகியவற்றையும் நரம்பளவு, விரலிட அளவு சகிதம் ஆராய்ந்தார். அதில் ஒரு கருத்து நம் மனத்தில் தைத்தது. இசையின் செய்கை முதலில் பிறந்தது. இலக்கணம் நெடுங்காலம் கழித்தே வந்தது என்கிறார் அவர். ஸர்ஃபும் நஹ்வும் ஓதி முடித்தபின்னரே வாயைத் திறக்கவேண்டும் என்று மாணவர்களை ஆண்டுக்கணக்கில் ஊமையராக்கும் நம்போன்ற ஆசிரியர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, பிழைப்பாளருக்கும் விருப்பத்தாருக்கும் நடந்த ஒரு வழக்கைச் சொல்வோம். அபுல் ஃபரஜ் இஸ்ஃபஹானீ (மறைவு 967) தொகுத்த ‘கிதாபுல் அகானி’யில் இது விரிவாக வருகிறது.

ஒருபுறம் இஸ்ஹாக் அல்மவ்ஸிலீ (767–850). தந்தையும் பாடகர், தாமும் பாடகர்; அக்காலக் கலைஞருள் தலைவர். மொழியிலும் ஹதீஸிலும் ஃபிக்ஹிலும் ஆழ்ந்த புலமை உடையவர். பாடகர் என்று ஊரறிந்த பெயர் மட்டும் இல்லையெனில் இவரை நான் காஸியாக்கியிருப்பேன் என்ற பொருள்பட கலீஃபா மஃமூன் கூறியதாகச் செய்தி உண்டு. இஸ்ஹாக்குக்கோ தம்மைப் பாடகர் என்று பிறர் அழைப்பதே பிடிக்காது. ஆலிம் என்று அழைக்கப்படவே விரும்பினார்.

மறுபுறம் இப்ராஹீம் இப்னுல் மஹ்தீ (779–839). ஹாரூன் ரஷீதின் மாற்றாந்தாய் மகன், இளவரசர். 817-ல் பக்தாத் மக்கள் இவரையே கலீஃபாவாக அறிவித்தனர். இரண்டாண்டில் பதவி கவிழ்ந்தது. ஆண்டுக்கணக்கில் ஒளிந்து திரிந்து, பெண்ணுடையில் பிடிபட்டு, மஃமூனால் மன்னிக்கப்பட்டார். அரசு போனபின் எஞ்சியது இசை.

பழம்பாடல்களை எழுத்தும் அசையும் பிறழாமல் காக்கவேண்டும் என்பது இஸ்ஹாக்கின் கட்சி. இளவரசரோ கடினமான இடங்களைச் சுருக்கியும் மாற்றியும் தமக்கேற்பப் பாடினார். ஆசிரியர் பிழை சுட்டினார். இளவரசர் இறங்கி வரவில்லை. தாம் அரசர், அரசரின் மகன். தமக்கு இன்பம் தரும் வகையில்தான் பாடுவதாக அவர் விடையிறுத்தார். இருவர் பக்கமும் ஆட்கள் சேர்ந்தனர், அவையில் சச்சரவு, ஒருவரையொருவர் மடக்கக் கடிதங்கள்.

இவ்வழக்கில் நாம் இளவரசர் பக்கம் நிற்கவில்லை. தஜ்வீதைப் புறக்கணித்து ‘என் விருப்பப்படி ஓதுவேன்’ என்னும் மாணவனை நாம் எத்துணை பொறுப்போமோ அத்துணையே அவரைப் பொறுக்கலாம். ஓய்வுநேரத்தில் பயில்வோர் பலருக்கும் இந்நோய் உண்டு. கடினமான இடம் வந்ததும் ‘நமக்கென்ன, கச்சேரியா?’ என்று தாண்டிவிடுவார்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நரம்பு தமக்குரியதா என்ற கேள்வியை அந்த அவையில் எவரும் இளவரசரிடம் கேட்கவில்லை. சரியாக மீட்டுகிறாரா என்றே கேட்டனர். நாம் நம் மாணவரிடம் கேட்டது முந்திய கேள்வியை.

பக்தாதிலிருந்து மேற்கே சென்று 822-ல் குர்துபா அடைந்த ஸிர்யாபை நம் வாசகர் பலர் அறிவர். ஊதுக்கு ஐந்தாம் நரம்பு சேர்த்தவர். மரக்கட்டைக்குப் பதில் கழுகின் இறகால் மீட்டியவர் என்பர். அவரைப் பற்றி வழங்கும் உணவு, உடை, சிகைக் கதைகளில் பாதி பிற்காலத்தார் ஏற்றியவை என்று தோன்றுகிறது. அவர் வகுத்த பாடமுறை மட்டும் நம் தொழிலோடு தொடர்புடையது. முதலில் தாளத்தோடு சொற்கள். பிறகு அணியில்லாத மெட்டு. இறுதியிலேதான் கமகமும் அணியும். மூன்றும் கலந்து ஒரே நாளில் புகட்டக்கூடாது என்பது அவர் விதி.

நாம் பெரிதும் தங்கி நின்றது ஸஃபிய்யுத்தீன் அல்உர்மவீயின் வாழ்க்கையில்.

ஹிஜ்ரீ 613-ல் (1216) உர்மியா ஊரில் பிறந்து இளமையிலேயே பக்தாத் வந்தவர். முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவில் அரபு மொழி, இலக்கியம், ஃபிக்ஹ் ஓதினார். நம்மைப் போன்ற மத்ரஸா மாணவர். அழகெழுத்தில் பெயர் பெற்றார். பிற்காலத்தில் எழுத்துக்கலையின் பேராசானாகிய யாகூத் அல்முஸ்தஃஸிமீ இவரிடம் பயின்றவர் என்பர். கடைசி அப்பாஸிய கலீஃபா முஸ்தஃஸிம் தம் நூலகத்தில் இவரை எழுத்தராக அமர்த்தினார். கலீஃபாவுக்குத் தெரிந்தது இவருடைய எழுத்து மட்டுமே. எழுத்துக்கு அப்பால் இவர் ஊத் பழகினார். அதில் தம் தேர்ச்சி எழுத்தைவிட மேம்பட்டதாயினும் உலகம் தம்மை எழுத்தராகவே அறிந்திருந்தது என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். ஒருநாள் அரண்மனைப் பாடகி லுஹாழ் என்பவள் கலீஃபா முன் ஒரு மெட்டைப் பாடினாள். யாருடைய மெட்டு என்று கேட்டார். உம்முடைய நூலகத்தில் ஏடெழுதுகிறாரே, அவருடையது என்றாள். அதன்பின்னரே கலீஃபா அவரை அழைத்துக் கேட்டார்.

அவர் இயற்றிய ‘கிதாபுல் அத்வார்’ நூலின் படி ஒன்று ஹிஜ்ரீ 633-ஐச் சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது இருபதுதான். ஸப்தகத்தைப் பதினேழு இடைவெளிகளாகப் பகுத்து, அப்ஜத் எழுத்துகளால் ஒலிகளையும் எண்களால் கால அளவையும் குறித்துக் காட்டிய நூல் அது. பாரசீகம், துருக்கி, அரபு நாடுகள் எங்கும் அடுத்த சில நூற்றாண்டுகளுக்கு இசையிலக்கணம் எழுதியோர் அதன்மேல் உரையெழுதியவர்களே.

ஹிஜ்ரீ 656 (1258). ஹுலாகுவின் படை பக்தாதில் நுழைந்தது. நகரம் பட்ட பாட்டை நாம் இங்கு விவரிக்கவேண்டியதில்லை. ஸஃபிய்யுத்தீன் வாழ்ந்த தெருவுக்கும் ஒரு மங்கோலியத் தளபதி வந்தான். தெருவின் செல்வர்கள் கதவடைத்து நடுங்கியிருந்தனர். இவர் கதவைத் திறந்து அத்தளபதியை வரவேற்று, விருந்தளித்து, பரிசு திரட்டிக் கொடுத்து, ஊத் மீட்டி நாட்களைக் கடத்தினார். தெரு தப்பியது. தளபதி அவரை ஹுலாகுவிடம் அழைத்துச் சென்றான். கலீஃபாவிடம் பெற்ற ஐயாயிரம் தீனார் ஊதியம் பத்தாயிரமாயிற்று என்கின்றனர் வரலாற்றாசிரியர்கள். பகைவனுக்கு மீட்டியதைக் குறை கூறுவாரும் இருக்கலாம். அத்தெருவில் உயிர்தப்பிய குழந்தைகளிடம் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பார்கள்.

பிறகு பக்தாதை ஆண்ட ஜுவைனீ குடும்பத்தாரின் ஆதரவில் அரசுக் கடிதத்துறையை மேற்பார்த்தார்; அக்குடும்பத்து இளைஞர் ஷரஃபுத்தீனுக்குப் பாடம் சொல்லி, அவர் பெயரால் ‘ரிஸாலா ஷரஃபிய்யா’ எழுதினார். ஜுவைனீகள் வீழ்ந்ததும் இவரும் வீழ்ந்தார். ஹிஜ்ரீ 693-ல் (1294) முந்நூறு தீனார் கடனுக்காகச் சிறைவைக்கப்பட்டுச் சிறையிலேயே மறைந்தார்.

அதே நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்தவர்கள் இமாம் நவவீ (ரஹ்). ஹிஜ்ரீ 676-ல் (1277) மறைந்தார்கள். நம் கடற்கரையூர் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘மின்ஹாஜ்’ அவர்களுடையது. அதில் ஊதும் தன்பூரும் பெயர் சுட்டியே விலக்கப்பட்டுள்ளன. இதை மறைத்து வரலாறு எழுதுவது நேர்மையாகாது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை ஃபுகஹாக்களும் நரம்புக் கருவிகளை விலக்கியவர்களே. ஸஹீஹுல் புகாரீயில் ‘மஆஸிஃப்’ பற்றி வரும் ஹதீஸ் அவர்களுக்கு ஆதாரம். ஆயின் மின்ஹாஜின் சொல்லமைப்பைப் பாருங்கள். குடிப்போரின் அடையாளமாக உள்ள கருவி என்று சொல்லி, அதற்கு உதாரணமாகவே ஊதும் தன்பூரும் கூறப்படுகின்றன. பல முறை அவ்வரியைப் பாடம் நடத்தியிருக்கிறோம். ‘அடையாளம்’ என்ற சொல்லின்மேல் ஒருநாளும் நாம் நின்றதில்லை.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரீ 505, கி.பி. 1111) அதன்மேல் நின்றவர்கள். ‘இஹ்யா’வில் ஸமாஃ பற்றிய பகுதியில், இளவேனிலும் அதன் மலர்களும், ஊதும் அதன் நரம்புகளும் அசைக்காத மனத்தைச் சீர்கெட்ட இயல்புடையது என்று பேசுகிறார்கள். சில பக்கங்கள் தாண்டி, நரம்புக் கருவிகளை விலக்கவும் செய்கிறார்கள். இரண்டும் ஒருவர் கூற்றே. இனிமைக்காக விலக்கவில்லை என்று விளக்குகிறார்கள். இனிமைக்காக என்றால் குயிலையும் விலக்கவேண்டி வரும். மதுவின் கூட்டாளியாகவும், மதுவை நினைவூட்டுவதாகவும், பாவிகளின் கூட்டத்துக்கு உரியதாகவும் அக்காலத்தில் அக்கருவி இருந்ததே காரணம். ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) மேற்கண்ட ஹதீஸின் தொடர் அறுந்தது என்று கருதி ஆகுமென்றார். ஹதீஸ்கலை வல்லுநர் பெரும்பாலோர் அவருடைய அக்கருத்தை ஏற்கவில்லை. டமாஸ்கஸின் ஹனஃபீ அறிஞரும் ஸூஃபியுமான அப்துல் கனீ நாபுலுஸீ (மறைவு 1731) கருவிகளைக் கேட்பது பற்றியே ஒரு நூல் எழுதி, நோக்கத்தையும் சூழலையும் கொண்டு தீர்ப்பதே முறை என்றார். காரணம் நீங்கினால் விதியும் நீங்குமா, கருவியோடு விதி ஒட்டிக்கொண்டதா என்பது உஸூல் வல்லோர் பேசவேண்டியது. மாடியறையில் தனியே இருந்த ஒருவரிடம் நாம் ‘கூட்டத்தை’ச் சுட்டிப் பேசினோம் என்பது மட்டும் நமக்கு இப்போது உறுத்துகிறது.

ஊத் ஸ்பெயினைக் கடந்து ஐரோப்பாவுக்குள் சென்றபோது ‘அல் ஊத்’ என்ற பெயர் ஸ்பானிய மொழியில் ‘லாவூத்’ ஆயிற்று, ஆங்கிலத்தில் ‘லூட்’. கிதாரின் கதை வேறு. தட்டையான முதுகும் ஒடுங்கிய இடையும் உடைய அது ஊதின் மகனல்லன்; ஒரே ஊரில் வளர்ந்த பங்காளி என்று வேண்டுமானால் சொல்லலாம். அதன் பெயர் கிரேக்கத்தின் ‘கிதாரா’விலிருந்து வந்தது, அரபியரும் அதைக் ‘கீதாரா’ என வழங்கினர்.

ஐரோப்பாவில் அச்சு வந்தபின் ஆசிரியரில்லாதவனும் பயிலலாம் என்ற நிலை பிறந்தது. 1536-ல் வலென்சியாவில் லூயிஸ் மிலான் வெளியிட்ட நூலின் பெயரே ‘ஆசிரியர்’ என்று பொருள்படும் ‘எல் மாஸ்த்ரோ’. கிதாரை ஒத்த விவேலா என்னும் கருவியை ஒருபோதும் தொட்டறியாதவனுக்கு எளியதிலிருந்து அரியதாகப் படியமைத்துச் செய்த நூல். 1596-ல் கட்டலோனிய மருத்துவர் ஹுவான் கார்லோஸ் அமாத் ஐந்திரட்டை நரம்புக் கிதாருக்கு ஒரு சிறு கைந்நூல் எழுதினார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக எழுதிய அந்நூல் எண்களாலேயே கூட்டொலிகளைக் கற்பித்தது. நூற்றாண்டுகள் தாண்டியும் மறுபதிப்பாகியது. கிதாருக்கு இன்றைய உருவம் தந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) பிறந்தது அல்மேரியாவில். அல் அந்தலுஸின் துறைமுகமாயிருந்த ஊர். தச்சுத் தொழிலில் தொடங்கியவர். நம் ஊர்ப் பிள்ளைகள் வாங்கும் கிதாரில் நரம்பின் நீளம் ஏறத்தாழ 65 செண்டிமீட்டர் இருப்பது அவர் வழக்கத்தைத் தழுவியே.

கிதாரின் கழுத்தில் உலோகக் கட்டைகள் பதிந்திருக்கும். விரல் சற்றுப் பிசகினும் ஒலி பிசகாது. இன்றைய ஊதின் கழுத்து வழுவழுப்பானது. செவி ஒன்றே வேலி. வயது வந்தபின் பயில்வோர்க்கு இதுவே பெருந்தடை என்று நம் மாணவர் கூறினார். இவ்விவரங்கள் கேட்க நாமே அவர் வீடு சென்றோம். முதியவர் திண்ணையில் இருந்தார். எதற்கு வந்தோம் என்று கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

மஸ்கத்தில் உடன் வேலை செய்த ஸூடான் நாட்டவர் ஒருவர்தாம் அவருக்கு முதல் உஸ்தாத். அந்நகரில் 2005-ல் ஊத் ஆர்வலர்களுக்கென ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. அதன் பெயரில் உள்ள ‘ஹுவாத்’ என்னும் சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. விருப்பத்தால் ஒன்றைச் செய்வோர் என்பது அதன் பொருள். ‘நஃப்ஸின் ஹவா’ என்று நாம் மிம்பரில் இடித்துரைக்கும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்!

முதல் மூன்று வாரம் விரல்நுனி கொப்புளித்து உரிந்ததாம், பின்பு காய்த்துப்போயிற்று. கையைக் காட்டினார். கணக்கெழுதிய நடுவிரலில் பேனாத் தழும்பு, இடக்கை நுனிகளில் நரம்புத் தழும்பு. ஸஃபிய்யுத்தீனின் கைகளும் இவ்வாறே இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றியது. வெள்ளியன்று மூன்று மணி நேரம் பழகுவதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் பழகுவதே கைகொடுக்கிறது என்றார். ஹிஃப்ழு மாணவர்களுக்கு நாம் சொல்வதும் அதுவே. புதிய பாடத்துக்கு முன் பழைய பாடத்தைத் திருப்பவேண்டும்; இல்லையேல் இரண்டும் போம். சிறுவர்கள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள்; ஆனால் எங்கே பிழைத்தோம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. “எனக்குத் தெரியுது ஹஜ்ரத். அதுதான் கஷ்டமா இருக்கு” என்றார்.

பெருமானாரின் (ஸல்) வழித்தோன்றலும், மக்காவின் அமீராக உதுமானியர் நியமித்த அலீ ஹைதர் பாஷாவின் மைந்தருமான ஷரீஃப் முஹ்யித்தீன் ஹைதர் (1892–1967) பற்றி அவரிடம் சொன்னோம். இஸ்தான்பூலில் சட்டமும் இலக்கியமும் பயின்றவர். ஊதில் அவர் காட்டிய விரல் வேகம் பின்னவர்க்கு வழியாயிற்று. 1930-களின் பிற்பகுதியில் பக்தாத் இசைக் கல்விக்கூடத்தில் அவரிடம் பயின்றவர்களே ஜமீல் பஷீரும் முனீர் பஷீரும் ஸல்மான் ஷுக்ரும். மாணவர் கைப்பேசியில் முனீர் பஷீரின் இசையைக் கேட்கச் செய்தார். 1997-ல் மறைந்த அவருடைய நரம்பொலி அந்த மாடியறையில் மெல்ல ஒலித்தது. ஊத் செய்யும் கலையையும் மீட்டும் கலையையும் ஈரான், ஸிரியா நாடுகளின் பெயரால் 2022-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்த செய்தியும் அவர்தாம் சொன்னார்.

நாம் அல்கிந்தியின் அரபுப் பாடத்தைப் படியெடுத்துச் சென்றிருந்தோம். அவருக்கு அரபு வாசிப்புச் சற்று மறந்திருந்தது. ஆகவே நாம் வாசித்தோம். அவர் விரல் வைத்தார். “மஸ்னா, ஸப்பாபா” என்போம்; நரம்பு ஒலிக்கும். “ஸீர், முத்லக்” என்போம். “வுஸ்தா” என்றபோது விரல் எங்கே விழுவது என்று தயங்கி நம்மைப் பார்த்தார். எந்த வுஸ்தா என்று நூலைப் புரட்டத் தொடங்கினோம். கீழே திண்ணையிலிருந்து முதியவர் குரல் வந்தது. “ஹஜ்ரத், மஃரிபுக்கு நேரமாச்சு!”

ஊதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் இறங்கினோம்.